தவமலருக்கு என்ன ஸ்பெஷலைசேஷன்?

ஒரு மாதத்துக்கு மேலாக நெஞ்சுக்குள் ஒரு பாரம் இருந்தது. முந்தநாள்தான் இறங்கியது. இறங்கிய கையோடு இதை எழுதுகிறேன்.

பாரத்துக்குக் காரணம் ஒரு சொல். ஸ்பெஷலைசேஷன்.

சரியாகச் சொன்னால், சொல்லில் பிழை இல்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த வெறும் பெட்டியை நிரப்பினேனே... அந்த என் கையில்தான் பிழை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் – நான் கிளிநொச்சிக் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாவட்டச் செயலகம் என்று பெயர்ப்பலகை சொன்னாலும் எங்கள் வாய்க்கு அது கச்சேரிதான். இரணைமடுவுக்குப் போகிற வழியில் எங்கள் ஒழுங்கை. அதில் யாருக்கு இங்கிலீஷில் ஒரு ஃபோம் வந்தாலும், அது முதலில் வருவது என் வீட்டு மேசைக்கு. பாஸ்போர்ட் ஃபோம், பாங்க் ஃபோம், வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு ஸ்பொன்சர் கடிதம். எல்லாம் நிரப்பியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இல்லை என்று எழுதினால் என் மனைவி இதை வாசித்துவிட்டுச் சிரிப்பா.

தவமலர் வந்ததும் அப்படி ஒரு ஃபோமோடுதான்.

எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவா. நாற்பத்துமூன்று வயது. கணவர் இரணைமடுக் குளத்தில் மீன் பிடிக்கிறார். இரண்டு மகள்மார், மூத்தவள் இந்த முறை ஓ.எல். சோதனை எடுக்கிறாள். தவமலர் பதின்மூன்று வருடமாகச் செய்து வந்த வேலை – கண்ணிவெடி அகற்றுவது.

வெளியூர் வாசகர்கள் கொஞ்சம் நிமிர்ந்து இருந்திருப்பீர்கள். இங்கே அது அவ்வளவு அதிசயம் இல்லை. ஒழுங்கைக்கு ஒருவராவது அந்த வேலைக்குப் போய் வந்தவர்கள் இருப்பார்கள். விடிய மோட்டார் சைக்கிளில் போவார்கள், பின்னேரம் வந்து கிணற்றடியில் முகம் கழுவுவார்கள், பிறகு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

அந்த வேலையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நன்றாகச் செய்யச் செய்ய, வேலை குறைந்துகொண்டே போகும். முழுதாகச் செய்து முடித்தால், வேலையே இல்லை. தவமலரின் குழு கடைசியாக வேலை செய்த காணியைத் துப்பரவாக்கிக் கொடுத்தாயிற்று. காணிக்காரர் வந்து கச்சான் கடலை போடவும் தொடங்கிவிட்டார். குழுவைக் கலைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். எந்த டொக்டருக்காவது, எல்லா நோயாளியும் சுகமாகிவிட்டதால் வேலை போயிருக்கிறதா? தவமலருக்குப் போயிற்று.

“அண்ணை, காமன்ற்ஸ் ஒண்டில தரம் பாக்கிற வேலைக்கு ஆள் எடுக்கினமாம்” என்று ஃபோமை மேசையில் வைத்தா. “தைச்ச உடுப்பில பிழை இருக்கோ எண்டு பாக்கிறது. அது என்னால ஏலும் எண்டு நினைக்கிறன். பதின்மூண்டு வருசமா முழங்காலில நிண்டாச்சு. இனியாவது ஒரு கதிரையில இருப்பம்.”

பெயர், முகவரி, பிறந்த திகதி என்று நிரப்பிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெட்டி வந்தது. ஸ்பெஷலைசேஷன்.

“இது என்னண்ணை கேக்கினம்?” என்றா.

பாருங்கள், இந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய பகை. கச்சேரியில் இருந்த காலத்தில் ஒரு சுற்றறிக்கையைத் தமிழாக்கினேன். அதில் இந்தச் சொல் மூன்று இடத்தில் வந்தது. ஒரே சொல்லை மூன்று தரம் எழுதினால் அழகில்லை என்று நினைத்து, ஒரு இடத்தில் ‘சிறப்புத் தேர்ச்சி’ என்றும், அடுத்த இடத்தில் ‘நிபுணத்துவம்’ என்றும், மூன்றாவது இடத்தில் ‘விசேட துறை’ என்றும் போட்டேன். இரண்டு கிழமை கழித்து ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு விண்ணப்பதாரர் மூன்று பஸ் மாறி வந்து நின்றார். “ஐயா, சிறப்புத் தேர்ச்சிக்குச் சேட்டிபிக்கற் இருக்கு. நிபுணத்துவத்துக்கு ஒரு கடிதம் எடுத்திட்டன். விசேட துறைக்கு எங்க போய் எடுக்கிறது?” என்று கேட்டார். மூன்றும் ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும்.

அது மட்டுமா? எங்கள் ஊரில் இந்தச் சொல்லை இழுக்காத இடம் இல்லை. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்தால் ஜெனரல், நாலு வருடம் படித்தால் ஸ்பெஷல். கடையில் முட்டை ஒன்று கூடப் போட்டால் கொத்து ரொட்டி ஸ்பெஷல். பரந்தன் சந்திப் பக்கம் ஒரு போர்ட் பார்த்தேன். ‘போன், ரீவி, மிக்சி, தண்ணீர் மோட்டர், சகல வேலைகளுக்கும் ஸ்பெஷலிஸ்ட்.’ சகலத்துக்கும் ஸ்பெஷலிஸ்ட் என்றால் ஸ்பெஷலாக மிஞ்சுவது என்ன? இன்னொரு பக்கம், என் வலது கண்ணைப் பார்த்த டொக்டர் இருக்கிறாரே... முன்பக்கம்தான் தனக்கு, பின்பக்கத்துக்கு வேறு ஒருவர் என்று துண்டு எழுதித் தந்தார். ஒரு கண்ணுக்கு இரண்டு பேர். மூக்கைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தவமலரிடம் வருவோம்.

“உங்களுக்கு விசேசமா என்ன தெரியும் எண்டு கேக்கினம்” என்று சொன்னேன்.

அவா கொஞ்ச நேரம் யோசித்தா. பிறகு தயங்கித் தயங்கி, “நல்லாப் பாப்பன் எண்டு போடலாமோ?” என்றா.

“நல்லாப் பாப்பனோ?”

“ஓமண்ணை. நான் ஒரு இடத்தைப் பாத்தால் வடிவாப் பாப்பன். அதுதான் எனக்குத் தெரியும்.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. “அதெல்லாம் ஒரு ஸ்பெஷலைசேஷனோ தங்கச்சி? பதின்மூண்டு வருசம் எவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறியள். அதைப் போடுவம்” என்று சொல்லி, இங்கிலீஷில் நீளமாக ஒன்று எழுதினேன். மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல் நடவடிக்கைகள், வெடிபொருள் இனங்காணல், அபாயப் பிரதேச முகாமைத்துவம்... பெட்டிக்குள் அடங்கவில்லை. கரையிலும் எழுதினேன்.

அவா எட்டிப் பார்த்தா. “பெரிசாக் கிடக்கு” என்று மட்டும் சொன்னா.

இன்ரவியூ முடிந்து வந்த அன்று பின்னேரம், கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு உள்ளே வந்தா.

“என்னவாம்?” என்று என் மனைவிதான் கேட்டா.

“நல்லாக் கதைச்சினம் அக்கா. அரை மணித்தியாலம் கதைச்சினம். எல்லாம் வெடியைப் பற்றித்தான். எப்பிடி எடுக்கிறது, பயமில்லையோ, வெடிச்சால் என்ன செய்வியள்... உடுப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேக்கேல்லை. கடைசியா அந்த சேர் சொன்னார், இவ்வளவு பெரிய வேலை செய்த நீங்கள் இஞ்ச பொத்தானும் நூலும் பாத்துக்கொண்டு இருக்க மாட்டியள், ரெண்டு மாதத்தில விட்டிட்டுப் போயிடுவியள், உங்கட தகைமைக்கு இது சின்ன வேலை எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“எனக்குச் சின்ன வேலைதான் வேணும் எண்டு சொன்னன். அவர் சிரிச்சார். அவ்வளவுதான்.”

என் மனைவி என்னைப் பார்த்தா. முப்பத்தைந்து வருடமாக எனக்கு அந்தப் பார்வையை மொழிபெயர்க்கத் தெரியும்.

தவமலர் என்னில் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “பரவாயில்லை அண்ணை” என்று சொல்லிவிட்டுப் போனா. அந்தப் ‘பரவாயில்லை’ என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. அவாவின் கடைசிச் சம்பளம் அந்த மாத முடிவில். குளத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது, கணவருக்கும் மீன்பாடு குறைவு. மூத்தவள் ரியூஷனை நிற்பாட்டப் போகிறாள் என்று மனைவி எங்கேயோ கேட்டு வந்து சொன்னா. நான் ஒரு பெட்டிக்குள் என் இங்கிலீஷைக் காட்டப் போய், ஒரு வீட்டின் அடுப்பில் கை வைத்துவிட்டேனோ?

இரண்டு கிழமை கழித்து இன்னொரு விளம்பரம் வந்தது. விதை நெல் உற்பத்தி செய்கிற ஒரு தனியார் கொம்பனி. வயல் பரிசோதிக்க ஆள் தேவை. நானே பேப்பரில் பார்த்து, வெட்டி எடுத்துக்கொண்டு தவமலர் வீட்டுக்குப் போனேன். ஃபோமையும் நானே இன்ரநெற்றில் எடுத்துப் பிரிண்ட் பண்ணிக் கொண்டுபோனேன்.

“நிரப்பித் தாறன்” என்றேன்.

“வேண்டாமண்ணை” என்றா. மரியாதையாகத்தான் சொன்னா. “இது தமிழிலயும் நிரப்பலாம் எண்டு போட்டிருக்கு. மகள் எழுதுவாள்.”

வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

ஒரு கிழமைக்குள் அழைத்தார்கள். ஜெயபுரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள், அலுவலகத்துக்கு அல்ல, வயலுக்கு. “நீங்களும் போயிட்டு வாங்கோ. அங்க ஏதும் இங்கிலீஷில கேட்டால் சொல்லிக் குடுங்கோ” என்று மனைவி சொன்னா. பிறகு, “கேட்டால் மட்டும்” என்றும் சொன்னா.

தவமலரின் மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு ஏறினேன். சோளகக் காற்று ஆளைத் தள்ளுகிற காலம். எனக்கு ஹெல்மெட் கழன்று போகும்போல இருந்தது. அவா ஒரே சீரான வேகம். பள்ளம் ஒன்றைக் கண்டால் அதற்கு இருபது மீற்றர் முன்னமே வேகம் குறையும். ஒரு மாட்டை, அது றோட்டில் ஏற யோசிக்கும்போதே கண்டுவிடுவா. வழி நெடுகிலும் நாங்கள் அதிகம் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், “கிடைக்காட்டி என்ன செய்யிறது எண்டு யோசிச்சு வைச்சிருக்கிறியளோ?” என்று கேட்டேன். “இல்லையண்ணை. இண்டைக்கு இதைப் பாப்பம்” என்றா.

வயலில் எங்களை எதிர்கொண்டது ஒரு இளம் பெண். பெயர் நஸ்ரியா. முல்லைத்தீவுப் பிள்ளை, வயது முப்பதுக்குள்தான் இருக்கும். விவசாயத்தில் ஸ்பெஷல் டிகிரி, அதிலும் விதையில் தனியாகப் படித்தவா. நெஞ்சோடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு நின்றா.

வந்திருந்தவர்கள் நாலு பேர். விவசாய டிப்ளோமா முடித்த இரண்டு பொடியன்கள், கண்டாவளைப் பக்கத்தில் வயல் செய்கிற கமக்காரர் ஒருவர், தவமலர். நஸ்ரியா விஷயத்தை நேரே சொன்னா.

“இது விதை நெல்லுக்குப் போட்ட வயல். ஒரே இனம்தான் நிக்க வேணும். ஆனால் எப்பிடியும் வேற இனம் கொஞ்சம் கலந்து முளைச்சிருக்கும். அதை இப்ப, கதிர் வாற நேரத்தில கண்டுபிடிச்சு எடுக்காட்டி, அடுத்த வருசம் எத்தினையோ பேரின்ர வயல் பழுதாப் போயிடும். உங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கயிறு கட்டி விட்டிருக்கிறன். ஒரு மணித்தியாலம். கலந்து நிக்கிறதைப் புடுங்கி வரம்பில போடுங்கோ. எந்தத் துண்டில எத்தினை நிக்குது, எங்க நிக்குது எண்டு எனக்குத் தெரியும். நான் முதலே பாத்து வைச்சிருக்கிறன்.”

பிறகு ஒவ்வொருவரின் விண்ணப்பத்தையும் புரட்டினா. தவமலரின் ஃபோமில் நின்றா.

“அக்கா, ஸ்பெஷலைசேஷன் எண்ட இடத்தில ‘ஒரு இடத்தை வடிவாகப் பார்ப்பது’ எண்டு எழுதியிருக்கிறியள்?”

பொடியன்களில் ஒருவன் சிரித்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

“ஓம் மிஸ்” என்றா தவமலர்.

“சரி. பாப்பம்.”

நான் வரம்பில், ஒரு பூவரச மர நிழலில் போய் இருந்தேன். இங்கிலீஷில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வயலுக்குள் இறங்கினார்கள்.

என் கண்ணுக்கு எல்லா நெல்லும் ஒரே நெல். பச்சையாக, காற்றுக்கு ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. ஆனால் அந்தக் கமக்காரர் இறங்கிய வேகத்தில் இரண்டு பயிரைப் பிடுங்கி வரம்பில் எறிந்தார். உயரமாக நின்றவை. பொடியன்களும் வேகம். ஐந்து, ஆறு என்று வரம்பில் குவிந்தது. நாற்பது நிமிடத்தில் மூன்று பேரும் தங்கள் துண்டின் அடுத்த கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

தவமலர்?

இறங்கின இடத்திலிருந்து பதினைந்து அடி தள்ளி, குந்திக்கொண்டு இருந்தா.

முதலில் ஏதோ காலில் குத்திவிட்டது என்று நினைத்தேன். இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிறா. ஒரு நிரையின் அடியிலிருந்து நுனி வரைக்கும் கண்ணைக் கொண்டுபோகிறா. தலை மெதுவாக இடப்பக்கம் போகிறது, வலப்பக்கம் வருகிறது. ஒரு இலையை விரலால் ஒதுக்கி, தண்டு சேர்கிற இடத்தைப் பார்க்கிறா. பிறகு ஒரு அடி முன்னுக்கு. திரும்ப முதலில் இருந்து.

எழும்பிப் போய், தங்கச்சி, கொஞ்சம் கெதியா என்று சொல்லலாமா என்று இரண்டு தரம் யோசித்தேன். ஒரு தரம் வாயைத் திறந்தும் விட்டேன். நல்ல காலம், காற்று எதிர்த்திசையில் அடித்தது. அவாவுக்குக் கேட்கவில்லை.

இன்னொரு வித்தியாசமும் கண்டேன். அவா பிடுங்கவில்லை. சந்தேகமான பயிருக்குப் பக்கத்தில், வரம்பில் பொறுக்கிய சுள்ளி ஒன்றைக் குத்தி வைத்தா. தான் எடுத்துக்கொண்ட ஒரு சின்னச் சதுரம் முழுவதையும் பார்த்து முடித்த பிறகு திரும்பி வந்து, சுள்ளி குத்திய பயிரை இன்னொரு தரம் பார்த்தா. சிலதைப் பிடுங்கினா. ஒரு சுள்ளியை மட்டும் எடுத்துவிட்டு, பயிரை அப்படியே விட்டா.

நஸ்ரியா நேரம் முடிந்தது என்று சொன்னபோது, தவமலர் தன் துண்டில் மூன்றில் ஒரு பங்குதான் முடித்திருந்தா. நின்ற இடத்தில் நீளமான ஒரு தடியைக் குத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வரம்பில் ஏறினா.

போயிற்று, என்று நினைத்தேன். இந்த முறை என் பிழை இல்லை. அது எனக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை.

நஸ்ரியா ஒவ்வொரு துண்டாக இறங்கிப் பார்த்தா. வரம்பில் கிடந்த பயிர்களை எடுத்துப் பிரித்தா. பொடியன்களிடம், “இதுகள் எங்கட இனம்தான். தண்ணி கூட நிண்ட இடத்தில உயர்ந்து வளர்ந்திருக்கு. நல்ல பயிரைப் புடுங்கிப் போட்டியள்” என்றா. கமக்காரரிடம், “ஐயா, உயரமா நிண்டதை எல்லாம் சரியாப் பிடிச்சிட்டியள். கட்டையா நிண்டது நாலு அப்பிடியே நிக்குது” என்றா. அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். நல்ல மனுசன்.

தவமலரின் துண்டுக்கு வந்தபோது ஃபைலைத் திறந்து, தான் முன்னமே கீறி வைத்திருந்த படத்தைப் பார்த்தா. இறங்கிப் பார்த்தா. திரும்பவும் படத்தைப் பார்த்தா.

“அக்கா, இந்தத் தடி வரைக்கும்தான் பாத்தனீங்கள், என்ன?”

“ஓம் மிஸ்.”

“இதுக்குள்ள ஒண்டும் தவறேல்லை. நல்ல பயிர் ஒண்டும் புடுங்கேல்லை. நான் படத்தில குறிக்காத ஒண்டும் வரம்பில கிடக்கு. அது நான் விட்டது.” தடிக்கு அப்பால் கையைக் காட்டினா. “ஆனால் மிச்சம் ரெண்டு பங்கு கிடக்கே?”

“மிச்சத்தை நான் பாக்கேல்லை மிஸ்.”

“ஒரு நடை நடந்து, கண்ணில பட்டதையாவது எடுத்திருக்கலாம்தானே?”

“எடுத்திருக்கலாம். எடுத்தால் பாத்தன் எண்டு ஆகிப்போயிடும்.” தவமலர் சத்தம் போட்டுப் பேசுகிறவா இல்லை. அன்றைக்கும் அதே குரல்தான். “எங்கட வேலையில, பாத்த இடம், பாக்காத இடம் எண்டு ரெண்டுதான் மிஸ். அரைவாசி பாத்த இடம் எண்டு ஒண்டு இல்லை. வேலை நிப்பாட்டின இடத்தில ஒரு தடி குத்துவம். தடிக்கு இஞ்சால ஆரும் பிள்ளையோட நடக்கலாம். அங்கால எனக்குத் தெரியாது. தெரியாது எண்டுதான் சொல்லுவன்.”

சிரித்த பொடியன் இப்போது சிரிக்கவில்லை.

நஸ்ரியா ஃபைலை மூடினா. “சரி. எல்லாருக்கும் கோல் பண்ணிச் சொல்லுறம்” என்றா. அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் அக்கராயன் பக்கம் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தோம். “மூண்டில ஒண்டு போதாதண்ணை, என்ன?” என்று தவமலர் கேட்டா. “தெரியாது” என்றேன். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

பத்து நாள் போயிற்று. கோல் இல்லை. மாதமும் முடிந்தது. தவமலர் கடைசி நாள் வேலைக்குப் போய், உடுப்பையும் சாமான்களையும் ஒப்படைத்துவிட்டு வந்தா. அடுத்த நாள் விடிய, வழமையாகப் புறப்படுகிற நேரத்துக்கு, ஒழுங்கையில் அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கவில்லை. நான் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். பக்கத்தில் மனைவியும் விழித்திருந்தா.

முந்தநாள் பத்து மணிபோல அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் கேற்றடியில் வந்து நின்றது. தவமலர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றா. முகம் தெரியவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றினா. தலைமயிர் ஒரு பக்கம் அமத்தப்பட்டு, கண் கலங்கி, வாய் சிரித்துக்கொண்டு இருந்தது.

“வாற மாதம் ஒண்டாந் திகதி வரச் சொல்லியிருக்கினம் அண்ணை. கடிதமும் தந்திட்டினம். இப்பதான் போய் எடுத்துக்கொண்டு வாறன்.”

நான் கதிரையில் அப்படியே சரிந்தேன். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி இருந்தது, ஆரோ வந்து இறக்கி வைத்ததுபோல. என் மனைவி ஓடிப் போய் அவாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனா. “மகள் ரியூஷனுக்குப் போறாளோ?” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. “அவள் நிப்பாட்டவே இல்லை அக்கா. ரீச்சர் காசைப் பிறகு பாப்பம் எண்டு சொல்லி வரச் சொல்லிப்போட்டா.”

ஏன் இவ்வளவு நாள் சுணங்கியது என்றும் தவமலர் சொன்னா. நஸ்ரியாவே கடிதம் கொடுக்கும்போது சொல்லியிருக்கிறா. கொம்பனி மனேஜருக்கு விருப்பம் இல்லையாம். நாலு பேரிலும் குறைவாகப் பார்த்த ஆளை ஏன் எடுக்க வேணும் என்று கேட்டாராம். அதற்கு அந்தப் பிள்ளை சொன்ன பதிலை, தவமலர் சொன்னபடியே எழுதுகிறேன்:

“மற்ற மூண்டு பேரும் முழுத் துண்டையும் பாத்திட்டினம் சேர். அவை பாத்த முழுத் துண்டையும் நான் திரும்ப ஒருக்காப் பாக்க வேணும். இந்த அக்கா பாத்த மூண்டிலொண்டை நான் திரும்பப் பாக்கத் தேவையில்லை. வேகம் பழகினால் வரும். இது பழக்கி வராது.”

மனேஜர் ஒரு கிழமை யோசித்துவிட்டுச் சரி என்றாராம்.

வாழ்க்கையில் பாதியை அகராதி புரட்டியே கழித்தவன் நான். ஸ்பெஷலைசேஷன் என்றால் ஒரு விஷயத்தில் நிறையத் தெரிந்திருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதிதான். தெரிந்தது எங்கே முடிகிறது என்று தெரிந்து, அந்த இடத்தில் நின்று, இதற்கு அப்பால் எனக்குத் தெரியாது என்று சொல்வது மற்றப் பாதி. கண்ணின் பின்பக்கத்துக்கு வேறு ஆளிடம் போகச் சொன்னாரே அந்த டொக்டர்... அவரை நான் இத்தனை நாளாகப் பகிடி பண்ணிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவர் தன் தடியைக் குத்தியிருக்கிறார். நான்தான் விளங்காமல் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன்.

ஒருவர் ஒரு வேலையைச் செய்தால், பின்னால் போய் இன்னொருவர் பார்க்கத் தேவையில்லை என்கிற நிம்மதி இருக்கிறதே, அதற்காகத்தான் உலகத்துக்கு ஸ்பெஷலிஸ்ட் தேவைப்படுகிறார்கள். சேட்டிபிக்கற் பிறகு வருகிற விஷயம்.

தேத்தண்ணி வந்தது. தவமலர் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினா.

“அண்ணை, இதில வேலையின்ர பேர் இங்கிலீஷில கிடக்கு. என்ன எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. வீட்டில கேப்பினம்.”

வாங்கிப் பார்த்தேன். சீட் ஃபீல்ட் இன்ஸ்பெக்டர். உடனே மூளைக்குள் சொற்கள் நிரையாக வந்து நின்றன – விதை உற்பத்தி வெளிக்களப் பரிசோதகர், வித்துத் தரக் கட்டுப்பாட்டு உத்தியோகத்தர்... நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

“வயல் பாக்கிற வேலை” என்றா என் மனைவி, சீனிப் போத்தலைத் திறந்துகொண்டே.

“அது எனக்கு விளங்குது” என்றா தவமலர்.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.